ரெண்டு விரல் உசரம்

இல்ல தம்பி, வண்டிய ஏத்த வேணாம். எறக்கணும். பின்பக்கம் மட்டும். முன்பக்கம் அப்படியே இருக்கட்டும், அதத் தொட வேணாம்.

சிரிங்க, சிரிங்க. எனக்கே தெரியுது. அம்பத்தி நாலு வயசுப் பொம்பள, முட்டி வலியோட கதவப் புடிச்சுக்கிட்டு எறங்குறேன், எறங்கினதும் இன்னும் தாழ்வா எறக்குங்கன்னா சிரிப்பாத்தான் இருக்கும். என் வயசுல உங்ககிட்ட வர்றவங்கல்லாம், மகன் பட்டாளத்துக்குப் போயிட்டான், அவன் தாழ்த்தி வச்ச இந்தக் கருமத்தக் கொஞ்சம் ஏத்திக் குடுங்கன்னுதானே கேப்பாங்க. நான் உல்டாவா வந்து நிக்கிறேன்.

பேரா? சொக்கோரோ. இந்தப் பிக்கப் வண்டி இப்ப என் பேர்லதான் இருக்கு, காயிதம் எல்லாம் டேஷ்போர்டுக்குள்ள கெடக்கு. முதல்ல இதப் புடிங்க. புரிட்டோ தம்பி, முட்டையும் சோரிசோக் கறியும் வச்சுச் சுருட்டின ரொட்டி. காலைல ஷிப்ட் முடிஞ்சு வந்து சுட்டது. சூடாருக்கு, ஃபாயிலப் பாத்துப் பிரிங்க. லஞ்சம் இல்ல இது. சரி, லஞ்சம்தான். ஏன்னா நீங்க இப்ப செவ்வாக்கெழம வாங்கன்னு சொல்லப் போறீங்க, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. செவ்வாக்கெழம ஆகாது. திங்கக்கெழம என் பொண்ணு இந்த வண்டியிலதான் வேலைக்குப் போகணும். இன்னைக்குச் சனிக்கெழம, அவ சிநேகிதி கூடப் போயிருக்கா, ரெண்டு மணிக்குத் திரும்பிடுவா. அதுக்குள்ள வண்டி வாசல்ல நிக்கணும். ஆயில் மாத்தப் போறேன்னு சொல்லிட்டு எடுத்துட்டு வந்திருக்கேன்.

ஆமா, பொய்தான். உண்மையச் சொன்னா சாவியவே குடுத்திருக்க மாட்டா.

எவ்வளவு எறக்கணும்னா கேக்குறீங்க? அதுக்கெல்லாம் அளவு கொண்டாந்திருக்கேன். இந்தக் குச்சியப் பாருங்க. தொடப்பக் கட்டக் குச்சிதான், என் ஆலையில ஒடஞ்சது. ரிகோ அத அறுத்து அளவுகோல் பண்ணி வச்சான். ரிகோ என் மகன். டேப்பெல்லாம் அவனுக்கு ஆகாது, குச்சிதான். தரையில நட்டு, பின் சக்கரத்துக்கு மேல வளைவு இருக்குல்ல, அந்த விளிம்புல வச்சுப் பாப்பான். ரெண்டு கோடு தெரியுதா? மேல் கோட்டுக்குப் பக்கத்துல அம்மான்னு எழுதியிருக்கான். கீழ் கோட்டுக்கிட்ட நான்னு எழுதியிருக்கான். நடுவுல ரெண்டு விரல் எடம். வண்டிய அம்மா கோட்டுக்கு ஏத்தி வச்சிருக்கான். நீங்க நான் கோட்டுக்குக் கொண்டு வரணும். அவ்வளவுதான் வேல.

கட்டையும் இருக்கு. இந்தக் காப்பித் தகரத்துக்குள்ள. துணியில சுத்தி வச்சிருந்தான் பாருங்க, நகை மாதிரி. கட்டைன்னா மரக்கட்ட இல்ல, அலுமினியம், உங்களுக்கா சொல்லணும். மூணு இஞ்ச். ஆக்சிலுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவுல இதுதான் முன்னாடி இருந்துச்சு, கட்ட பெருசானா வண்டி தாழும். இத எடுத்துட்டு ஒன்றர இஞ்ச் கட்டையப் போட்டான், பின்பக்கம் ஏறிக்கிச்சு. இப்ப அத எடுத்துட்டு இதத் திரும்பப் போடுங்க. நான் பாத்துக்கிட்டே நின்னிருக்கேன் தம்பி, செய்யத்தான் தெரியாது.

சரி, வாசல்ல உரசுமான்னு கேக்குறீங்க. எங்க வீட்டு வாசல் செங்குத்துதான். தெரு ஓரத்துல தண்ணி ஓடுற பள்ளம், ஒடனே மேடு. முன் சக்கரம் மேட்டுல ஏறுறப்ப பின்பக்கம் பள்ளத்துல தாழும், கீழ நீட்டிக்கிட்டு இருக்கிற இழுவைக் கொக்கி இரும்பு சிமெண்ட்டுல உரசும். உரசுமா உரசாதான்னு இல்ல. உரசணும். அதுக்குத்தான் வந்திருக்கேன்.

பைத்தியம் இல்ல தம்பி. முதல்ல ஜாக்கிய வைங்க, ஸ்டாண்டு குடுங்க. நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீங்க வேலையப் பாருங்க. பேசினா உங்களுக்கு எடஞ்சலா? அப்ப சரி. இந்த நாற்காலிய இழுத்துப் போட்டுக்கட்டுமா? வேணாம், பக்கெட்டே போதும், கவுத்துப் போட்டுக்கறேன். ஆலையில பதினாறு வருசமா இதுல உக்காந்துதான் சோறு.

சீஸ் ஆலைதான். ராத்திரி பத்து மணிக்குப் போனா காலைல ஆறரைக்கு வெளிய. பெரிய பெரிய எவர்சில்வர் தொட்டி, உள்ள எறங்கிக் கழுவணும். பகல்ல சீஸ் பண்ணுவாங்க, ராத்திரில நாங்க கழுவுவோம். வந்து ரெண்டு வாய் சாப்பிட்டு எட்டு மணிக்குப் படுத்தா நாலு மணி வரைக்கும் தூக்கம். ஊருக்குப் பகல், எனக்கு ராத்திரி. சன்னல்ல கறுப்புக் கம்பளி மாட்டியிருக்கேன். மேல கூலர் ஓடுது, தடதடன்னு, பழசு. அந்தச் சத்தத்துல எதுத்த வீட்டுல கல்யாணம் நடந்தாலும் எனக்குக் கேக்காது.

ஆனா இந்த வண்டி மட்டும் கேக்கும். எப்படின்னா, அது காது வழியா வராது. இரும்பு சிமெண்ட்டுல உரசுறப்ப தரை வழியா வந்து கட்டில் கால்ல ஏறும். முதுகுல கேக்கும் தம்பி. கர்ர்ர்ருன்னு. பல்லு கூசும். ரிகோவுக்கு வீட்டுக்குக் கூர போடுற வேல. கோடையில விடியறதுக்கு முன்னாடி ஏறி, ஒரு மணிக்கு எறங்கிடுவாங்க. ஒண்ணே முக்கா, ரெண்டுக்கு வீட்டு வாசல். கர்ர்ர். நான் ஆழ்ந்து தூங்குற நேரம் பாத்து. எழும்பி உக்காந்துடுவேன். அப்புறம் தூக்கம் வருமா? வராது. புரண்டு புரண்டு படுத்துட்டு ராத்திரி தொட்டிக்குள்ள நின்னுக்கிட்டே தூங்குவேன்.

எத்தன தடவ கத்தியிருப்பேன்! டேய், பாதி மாசம் ஒழச்சு வண்டி வாங்கினே, மீதி மாசம் ஒழச்சு அதத் தேச்சுக்கிட்டு இருக்கியேடா. மனுசன் வண்டி வாங்கினா ஒசரமா வாங்குவான், நீ என்னடா எறும்புக்குச் சமமாப் போறே. அவன் சிரிப்பான். எறும்பு நசுங்குதான்னு கிட்டப் பாத்து ஓட்டலாம்லம்மான்னுவான். வாய், வாய்! அப்பன் வாய் அப்படியே. அவரு சொந்த ஊரு மிச்சோகானுக்குத் திரும்பிப் போயி ஒம்பது வருசம் ஆச்சு, வாய மட்டும் இங்க விட்டுட்டுப் போனாரு.

என்ன? யூ போல்ட்டா? கீழ நீட்டிக்கிட்டு இருக்கா?

ம். அவன் வெட்டல. கட்டை சின்னதாப் போனதும் போல்ட்டு மிச்சம் நீட்டிக்கிட்டு நிக்கும், எல்லாரும் அறுத்து விட்டுருவாங்க, அப்படித்தானே? நானும் கேட்டேன். ஏன்டா அசிங்கமா தொங்குதேன்னு. அவன் சொன்னான், நீ என்னைக்குப் பகல் வேலைக்கு மாறுறியோ அன்னைக்கு மறுபடி எறக்கிடுவேன்மா, அதுக்குத்தான் வெட்டாம வச்சிருக்கேன்னு.

பகல் வேலையா, எங்க குடுத்தாங்க. வரிசை இருக்கு. எனக்கு முன்னாடி பதினோரு பேரு. போன வருசம் பன்னெண்டு பேரு இருந்தாங்க.

புது போல்ட்டுதான் போடுவீங்களா? போடுங்க. ஒரு தடவ முறுக்கினதத் திரும்ப முறுக்கக் கூடாதுன்னு அவனும் சொல்வான். ஆனா பழசத் தூக்கிப் போட்டுடாதீங்க. இந்தத் தகரத்துலயே போடுங்க.

ஆமா. பின் கண்ணாடியில எழுதியிருக்கிறது அவன் பேருதான். ரிகோபெர்த்தோ. கீழ ரெண்டு தேதி. வண்டி வந்ததுமே நீங்க படிச்சுட்டீங்க, கேக்கலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தீங்க. எனக்குத் தெரியும். எல்லாரும் அப்படித்தான். சிக்னல்ல பின்னாடி நிக்கிற வண்டிக்காரன் படிச்சுட்டுச் சிலுவை போட்டுக்குவான். இருபத்தி மூணு வயசு தம்பி. வர்ற சூலையோட ஒரு வருசம்.

எழுத்து ஒட்டினது அவன் கூட்டாளிப் பசங்க. தெரியுமா அவங்கள? தரையில இழுபடுறவங்கன்னு தங்களுக்குத் தாங்களே பேரு வச்சுக்கிட்ட கூட்டம். ஞாயித்துக்கெழமையானா பெட்ரோல் பங்க் பக்கத்துல வரிசையா நிப்பாட்டிக்கிட்டு, எவன் வண்டி வயிறு தரையத் தொடுதுன்னு குனிஞ்சு குனிஞ்சு பாப்பானுங்க. நல்ல பசங்கதான். அவங்ககிட்டயே இந்த வேலையக் குடுத்திருக்கலாம், ஒத்தக் காசு வாங்காமச் செஞ்சிருப்பானுங்க. ஆனா வண்டிக்கு அடியில படுத்ததும் அழுதுடுவானுங்க தம்பி. மேல நின்னுக்கிட்டு நான் என்ன பண்றது? அழாத ஆளா வேணும்னுதான் நாலு தெரு தாண்டி உங்ககிட்ட வந்தேன்.

என் பொண்ணு யாதிரா, இருபது முடிஞ்சிருக்கு. அவதான் இப்ப ஓட்டுறா. வண்டிக்குள்ளேருந்து திரும்பிப் பாத்தா அந்தப் பேரு இடம் வலம் மாறித் தெரியும். முன்னால இருக்கிற கண்ணாடியில பாத்தா நேரா தெரியும். பின்னாடி எவன் வர்றான்னு பாக்குறப்பல்லாம் அண்ணன் பேரப் படிச்சாகணும். உரிச்சு எடுத்துடவாடின்னு கேட்டேன். கைய வச்சேன்னா பாருன்னா.

அவளுக்குத் திராட்சைத் தோட்டத்துல வேல கெடச்சிருக்கு. ரெண்டு வாரம் ஆச்சு. கொடியக் கட்டுறது, எலை கிள்ளுறது. வேணாம்டி, கடையில ஏதாவது பாருன்னேன். கடையில வாரத்துக்குப் பதினஞ்சு மணி நேரம் குடுக்குறாங்க, அத வச்சு நாக்கு வழிக்கவான்னா. இன்னும் சூன் கூடப் பொறக்கல, நேத்து வெயில் நூத்தி ரெண்டு டிகிரி. சூலையில என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும், நீங்களும் மதேராவுலதானே குப்ப கொட்டுறீங்க.

ஏன் ஏத்தினான்னு கேக்குறீங்களா? நான்தான் காரணம். போன வருசம் அன்னையர் தினம், மே பத்து. எல்லாப் புள்ளையும் பூ வாங்கும், கேக் வாங்கும். இவன் காலைல நான் ஆலையிலேருந்து வர்றப்ப வாசல்ல படுத்துக் கெடக்குறான், கால் ரெண்டும் வெளிய நீட்டிக்கிட்டு. முகமெல்லாம் கரி. என்னடா இதுன்னா, நீ உள்ள போயி படும்மா, பரிசு தயாராகுதுன்னான். நானும் படுத்துட்டேன். நாலு மணிக்கு எழும்பி வெளிய வந்தா சிரிச்சுக்கிட்டு நிக்கிறான். கேட்டுச்சாம்மான்னான். என்னதுடா கேட்டுச்சு? மூணு தடவ வெளிய போயி வந்துட்டேன், கேட்டுச்சான்னான். கேக்கல தம்பி. ஒண்ணுமே கேக்கல. ஏத்திட்டேன், ரெண்டு விரல், இனிமே நீ தூங்கலாம், இதான் பரிசுன்னு இந்தக் குச்சிய நட்டுக் காட்டினான்.

உங்களுக்குத் தெரியும், அவங்க கூட்டத்துல வண்டிய ஏத்துறதுன்னா என்னன்னு. ஆம்பள மீசைய மழிச்ச மாதிரி. அடுத்த ஞாயித்துக்கெழம பயலுகளெல்லாம் சுத்தி நின்னுக்கிட்டு, என்னடா ரிகோ, உன் வண்டி குதிகால் செருப்பு மாட்டிக்கிட்டு வந்திருக்கு, கல்யாணத்துக்குக் கெளம்பிடுச்சான்னானுங்களாம். இவன், எங்கம்மா தூங்கணும்டான்னு சொல்லியிருக்கான். அதக் கேட்டதும் பயலுக அடுத்த வண்டியக் குனிஞ்சு பாக்கப் போயிட்டானுங்களாம். இது அவன் சொல்லல, அவங்க சொன்னாங்க, அப்புறமா.

நல்லாத் தூங்கினேன் தம்பி. பொய் சொல்லக் கூடாது. மே, சூன், சூலையில மூணு வாரம். பதினாறு வருசத்துல அப்படித் தூங்கினதே இல்ல. ஆலையில எல்லாரும் கேட்டாங்க, என்ன சொக்கோரோ, மூஞ்சி தெளிஞ்சிருக்குன்னு. என் மகன் குடுத்த தூக்கம்னு பீத்திக்கிட்டேன்.

எறக்கிட்டீங்களா? இருங்க, குச்சிய வைக்கிறேன். முட்டிய மடக்க முடியல, நீங்களே வைங்க. எங்க நிக்குது? நான் கோட்டுக்கு மேலயா? அதே கட்டதானே, எப்படி?

அட ஆமா. பின்னாடி பாரம் இல்ல. ஆணி அடிக்கிற மெசினுக்குக் காத்து புடிக்கிற கம்ப்ரசர், ஆணிப் பெட்டி, கூர ஓடு ரெண்டு கட்டு, எல்லாம் எப்பவும் பின்னாடியே கெடக்கும். அந்தப் பாரத்தோடதான் அவன் கோடு போட்டிருக்கான். அதெல்லாம் அவன் கூட வேல பாத்தவங்களுக்குக் குடுத்துட்டேன். வீட்டுல வச்சுக்கிட்டு என்ன பண்ண? யாதிராவுக்குத் தண்ணிக் குடமும் தொப்பியும்தான் பாரம்.

மண் மூட்டையா? வேணாம் தம்பி. அவ வந்ததும், எதுக்கும்மா இந்த மண்ணுன்னு தூக்கி எறிஞ்சுடுவா. அவளுக்குத் தெரியாத மாதிரி இருக்கணும். பட்டையில ஒண்ண உருவிடலாமா? உருவினா எறங்குமா? பாரம் ஏத்தினா தாங்காதுன்னா, அவ என்ன பாரம் ஏத்தப் போறா. உருவுங்க. நேரம் ஆகுமா? ஆகட்டும். இப்ப பத்தரைதானே.

நீங்க கேக்குறது புரியுது. போன் இருக்கே, வீட்டுக்கு வந்ததும் ஒரு மெசேஜ் போடச் சொல்லலாமேன்னு. அவன்கிட்டயும் போன் இருந்துச்சு. ஹாரன் அடிக்கச் சொல்லலாம். யாதிராகிட்டச் சொன்னேன். முதல் நாள் அடிச்சா, ரெண்டாம் நாள் அடிச்சா, மூணாம் நாள் மறந்துட்டா. புள்ளைங்கதானே. ஹாரன் அடிக்கிறதுக்குக் கையில தெம்பு இருக்கணும். மெசேஜ் போடுறதுக்குப் புத்தி தெளிவா இருக்கணும். நாய் இருக்கு, அது ஊரப் பாத்துக் குரைக்கும், எங்களப் பாத்தா வால் ஆட்டும். கேமராவா? கேமரா பாக்கும் தம்பி. பாத்துட்டுச் சும்மா இருக்கும்.

உரசுறதுக்கு யாரும் ஒண்ணும் செய்ய வேணாம், அதான் விசயம். வண்டி வாசல்ல ஏறினாப் போதும். மயக்கத்துல ஏறினாலும் உரசும்.

இந்த ரெண்டு வாரமா நான் தூங்கல. எட்டு மணிக்குப் படுக்குறேன், கண்ண மூடிக்கிட்டு காதத் தொறந்து வச்சிருக்கேன். கூலர நிறுத்திப் பாத்தேன், வேர்த்து ஊத்துது. ஒரு மணியாச்சுன்னா எழும்பி கம்பளிய விலக்கி வாசலப் பாக்குறேன். ஒண்ணேகாலுக்கு மறுபடி. ஒண்ணரைக்கு மறுபடி. போன புதன்கெழம தொட்டிக்குள்ள வழுக்கி விழுந்தேன், இங்க பாருங்க முழங்கைய. இனிமே இப்படி வந்தா வேலைக்கு வராதேன்னு மேஸ்திரி சொல்லிட்டான். அவன் சொல்றதும் நெசம்தானே.

அடக்கத்தன்னைக்கு அந்தப் பசங்க பதினாலு வண்டி கொண்டாந்தானுங்க தம்பி. கல்லறைத் தோட்டத்து வாசல்ல ஒரு மேடு இருக்கும், பாத்திருப்பீங்க. ஒவ்வொரு வண்டியும் அதுல உரசிக்கிட்டு உள்ள போச்சு. கர்ர்ர். கர்ர்ர். நான் எண்ணிக்கிட்டே நிக்கிறேன். கடைசியா இவன் வண்டிய இவன் சிநேகிதன் ஓட்டிட்டு வந்தான். அது மட்டும் சத்தமே இல்லாம உள்ள போச்சு. அங்கதான் எனக்கு எண்ணிக்கை விட்டுப்போச்சு. அதுவரைக்கும் நல்லாத்தான் நின்னேன்.

ஏன் நிறுத்திட்டீங்க? முறுக்குங்க, முறுக்குங்க. ஒரு மணிக்குள்ள நான் வீட்டுல இருக்கணும்.

வேலையில என்ன நடந்துச்சா? நூத்திப் பதினொண்ணு அன்னைக்கு. அது தரையில. கூர மேல எவ்வளவுன்னு யாரு அளந்தா. தல சுத்துதுன்னு சொல்லியிருக்கான். வீட்டுக்குப் போயி நெழல்ல படுன்னு அனுப்பிட்டாங்க. தனியா அனுப்பிட்டாங்க தம்பி, கூட ஒரு ஆள அனுப்பல. பதினாலு மைல் அவனே ஓட்டிட்டு வந்திருக்கான். வழியில எங்கயும் இடிக்கல. அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல, அந்த நெலமையில எப்படி ஓட்டினான்னு. வாசல்ல நேரா, அழகா நிப்பாட்டியிருந்தான். எஞ்சின அணைச்சு, ஹேண்ட் பிரேக் போட்டு. சாவி கையில.

ஆமா, வீட்டுக்கு வந்துட்டான். வீட்டு வாசலுக்கு வந்துட்டான். ஆஸ்பத்திரியிலன்னா நெனச்சீங்க? எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க, நானும் திருத்துறது இல்ல.

எதுத்த வீட்டுக் கேமராவுல பன்னெண்டு நாப்பதுன்னு இருந்துச்சு. வண்டி ஏறுறது தெரியுது. கதவு தொறக்குது. ஒரு கால் வெளிய வருது. இன்னொரு கால் வரல. என் கட்டிலுக்கும் அந்தக் கதவுக்கும் நடுவுல ஒரு சுவரு, நாலு எட்டு. ஒரு மணிக்குக் கொண்டு வந்திருந்தாக் கூடப் பொழைக்க வச்சிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு, ஐஸ்ல போட்டு. நான் தூங்கிக்கிட்டு இருந்தேன். அவன் குடுத்த தூக்கம்.

நாலு மணிக்கு எழும்பி, காப்பி போட்டு, மொச்சைய சூடு பண்ண வச்சேன். இன்னும் வரலையேன்னு கோவம். வர்ற வழியில தோர்த்தியா ரொட்டி வாங்கிட்டு வாடான்னு சொல்றதுக்குப் போன் அடிச்சேன். அடிச்சா, மணி வாசல்ல கேக்குது.

புள்ள மேல குத்தம் சொல்லாதீங்கன்னா? நான் எங்க அவனச் சொன்னேன். நான்தான் கேட்டேன் தம்பி. ஒரு நாளாவது நிம்மதியாத் தூங்க விடுடான்னு நான்தான் கேட்டேன். கேட்டதக் குடுத்துட்டான்.

அழாத ஆள்னு நம்பி வந்தேன், நீங்களும் கண்ணத் தொடைக்கிறீங்க. வேர்வையா? சரி, வேர்வைதான். அந்தத் துணியால தொடைக்காதீங்க, கிரீஸ் அது.

எறக்குங்க. ஸ்டாண்ட எடுங்க. மெதுவா. இப்ப குச்சிய வைங்க. சொல்லுங்க, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. நான்ல நிக்குதா? சரியா நான்லயா? ஒரு நூல் கீழயா? இருக்கட்டும், ஒரு நூல் கூடவே எறங்கட்டும்.

இன்னும் ஒரே ஒரு உதவி. உங்க கடை வாசல்லயும் பள்ளமும் மேடும் இருக்கு, வர்றப்பவே பாத்து வச்சுட்டேன். வண்டிய எடுத்துத் தெருவுல ஒரு சுத்து சுத்திட்டு உள்ள வாங்க. வேகமா வேணாம். சின்னப் பொண்ணு களைச்சுப் போயி ஓட்டிட்டு வந்தா எப்படி வருவா, அப்படி. நான் இங்கயே இருக்கேன். வெளிய வந்து பாக்க மாட்டேன். அந்தக் காத்தாடிய ஓட விட்டுட்டுப் போங்க, எங்க வீட்டுக் கூலர் மாதிரி இருக்கட்டும். செருப்ப மட்டும் கழட்டிக்கிறேன், காலு தரையில இருந்தா நல்லது.

போயிட்டு வாங்க.

...

கேட்டுச்சு தம்பி. இல்ல, இன்னொரு தடவ வேணாம், நல்லாவே கேட்டுச்சு. இந்தக் காத்தாடிச் சத்தத்தத் தாண்டிக் கால்ல ஏறிடுச்சு.

அன்னைக்கும் இப்படித்தான் கேட்டிருக்கும், இல்ல?